விளக்கைப் போடுங்க சார்

எழுபதுகளில் நான் மனோதத்துவத் துறையில் ஆராய்ச்சி மாணவி. இயந்திரங்களிடம் மனிதர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதுதான் என் தலைப்பு. "பட்டனைப் பத்தி பிஎச்.டி.யா?" என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு.

அந்தச் சமயத்தில் அத்தானுக்கு, அதாவது என் அக்கா வீட்டுக்காரருக்கு, வேலை போகிற மாதிரி ஆகிவிட்டது. அவர் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். வேலை நிரந்தரமாகவில்லை, அக்காவோ நிறைமாதம். மெஷின் வெளிநாட்டிலிருந்து வந்தது. தன் முறைக்காகச் சும்மா காத்து நின்ற ஒரு டேப் யூனிட்டின், அதாவது தகவல் நாடாவைச் சுழற்றும் பெட்டியின், சுவிட்ச் மேலே தூக்கியிருந்ததைப் பார்த்து, யாரோ அணைத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கீழே தள்ளியிருக்கிறார். அந்த ஊர் சுவிட்ச் மேலே இருந்தால்தான் ஆன். வேலை பாதியில் நின்றது. கவனக்குறைவு என்று மெமோ வந்தது, விசாரணைக்கும் நாள் குறித்தார்கள்.

"டிரெயினிங்ல சொன்னாங்கம்மா. என் தப்புதான்" என்றார் அத்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் வீட்டுச் சுவரில் எந்த சுவிட்ச் மேலே தள்ளினால் எரிகிறது? பல்லாவரம் சந்தையில் ஒரு பழைய சுவிட்ச் வாங்கினேன். பலகையில் பொருத்தி, மேலே தள்ளினால் மட்டும் டார்ச் பல்பு எரிகிற மாதிரி ஒயர் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் சர்ச் வாசலில் அதை வைத்துக்கொண்டு நின்றேன். வந்தவர்களிடமெல்லாம், "விளக்கைப் போடுங்க" என்றேன்.

கணக்கு வாத்தியார், பாடகர் குழு அக்காமார்கள், எல்லோரும் கீழேதான் தள்ளினார்கள். அது நான் எதிர்பார்த்தது. எதிர்பார்க்காதது, பல்பு எரியாதபோது அவர்கள் முகம். பலகையை ஒருவரும் குறை சொல்லவில்லை. "ஐயோ, ஏதோ கெடுத்துட்டேனா?" என்று கையை இழுத்துக்கொண்டார்கள். தெருவில் போன பால்காரம்மாவையும் கூப்பிட்டேன். "நான் தொட்டா எதும்மா வெளங்கிகீது?" என்று சொல்லிவிட்டுப் போனார். பொம்மை மாதிரி ஒரு பலகையிடம் ஏன் இத்தனை பேர் மன்னிப்புக் கேட்கிறார்கள்? அன்று முழுவதும் எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

என் பேராசிரியருக்கு அத்தானின் மேலதிகாரியைத் தெரியும். விசாரணைக்கு முன் என்னை அவரிடம் அழைத்துப் போனார். பலகையை மேஜைமேல் வைத்து, "விளக்கைப் போடுங்க சார்" என்றேன்.

அதிகாரி கீழே தள்ளினார். எரியவில்லை.

"சாரிம்மா, தப்பாப் போட்டுட்டேன் போல."

"உங்களுக்கு யார் சார் மெமோ கொடுப்பாங்க?" வாய் முந்திக்கொண்டது. பேராசிரியர் என்னை முறைத்தார்.

அதிகாரி மேலே தள்ளிப் பார்த்தார். எரிந்தது. கீழே, மேலே என்று சின்னப் பிள்ளை மாதிரி தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு அத்தானின் ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார்.

மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். சுவிட்சுகளுக்கு மேலே சிவப்பு அம்புக்குறி ஒட்டினார்கள். சேதி வந்த அன்று அக்கா அழுது முடித்துப் பாயசம் வைத்தாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அத்தான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமலே இருந்தார்.

"எல்லாம் சரிம்மா. இருந்தாலும் நான் கொஞ்சம் பார்த்துப் போட்டிருக்கணும்."