விவாகரத்துக் கோப்பு எடுக்கப்போன கதைகள்

கலியாணத்துக்கு மூன்று ஆல்பம் வைத்திருக்கும் எங்கள் சனம் விவாகரத்துக்கு ஒரு கடதாசிகூட ஒழுங்காக வைத்திருப்பதில்லை. அந்தக் கடதாசியைத் தேடிக் கொடுப்பதுதான் என் பிழைப்பில் பாதி.

மற்றப் பாதி மொழிபெயர்ப்பு. ஜெர்மனியில் ஹம் நகரில் இருக்கிறேன். நீதிமன்றத்தில் சத்தியம் செய்து, வட்ட முத்திரை வாங்கி, இருபத்தெட்டு வருடமாகத் தமிழையும் ஜெர்மனையும் மாறி மாறி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜெர்மன் அரசாங்கக் கந்தோர்களில் இலக்கத் துண்டோடு காத்திருந்து கால் கடுத்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? ஆனாலும் ஒன்று. அகதியாக வந்த நாளில் எங்களைக் கொண்டுபோய் மாடும் சோளமும் உள்ள ஊர்களில் விட்டார்கள். மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்றார்கள். ஆகவே சிலர் அங்கேயே சண்டை பிடித்து அங்கேயே பிரிந்தார்கள். வெளியேற அனுமதி வந்ததும் ஹம்முக்கும் வுப்பர்டாலுக்கும் ஹம்பேர்க்குக்கும் ஓடிவிட்டார்கள். கோப்புகள் மட்டும் அந்தச் சின்னப் பட்டணத்து நீதிமன்றத்தின் நிலவறையில் இருந்துவிட்டன. மறுமணம் என்று வரும்போதுதான் அவற்றின் ஞாபகம் வருகிறது.

லாமினேட் செய்த தீர்ப்பு

வுப்பர்டாலில் சமையல் வேலை செய்யும் ஒருவர் இரண்டாம் கலியாணத்துக்கு ஊர் போகப் புறப்பட்டார். “என்னட்டத் தீர்ப்பு பத்திரமாக் கிடக்கு” என்று பெருமையாகச் சொன்னார். பத்திரமாகத்தான் இருந்தது. ஆறு பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் லாமினேட் செய்து வைத்திருந்தார். எங்கள் ஆட்களுக்குப் பிறப்புப் பத்திரத்திலிருந்து தடுப்பூசி அட்டை வரை எதையும் லாமினேட் செய்யாவிட்டால் நித்திரை வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

தீர்ப்பு மட்டும் போதாது. அதன் முதல் பக்கத்தில் ‘இது இன்ன நாளில் முடிவானது’ என்று நீதிமன்றம் ஒரு முத்திரை குத்தவேண்டும். அது இல்லாவிட்டால் எந்தப் பதிவுக் கந்தோரும் மறுமணத்துக்குச் சம்மதிக்காது. அதைக் குத்துவிக்கத்தான் நாங்கள் இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் பிடித்துப் போனோம். நீதிமன்றப் பதிவறைப் பெண்மணி பிளாஸ்டிக் தாள்களை வளைத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லாமினேட் செய்வதற்காகச் சமையல்காரர் கழற்றி எறிந்த, தாள்களைச் சேர்த்து அடித்திருந்த கம்பிதான் ஆறு பக்கத்தையும் ஒரே தீர்ப்பாக்கியது, அதைக் கழற்றினால் இது வெறும் தாள் என்று விளக்கினார். பிறகு இரக்கப்பட்டுப் புதிதாக ஒரு பிரதி எடுத்து, கம்பி அடித்து, முத்திரை குத்தித் தந்தார். பஸ் தரிப்பில் சமையல்காரர் அதைக் குழந்தை போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: “அண்ணை, இப்ப முத்திரையும் குத்தியாச்சு. இனி இதை லாமினேட் பண்ணலாம்தானே?”

மஞ்சள் உறை வேண்டாம்

இப்படிச் சிரித்துக்கொண்டே காலம் போயிருக்கும், புவனா அக்கா என் வாசல் மணியை அடிக்காமல் இருந்திருந்தால்.

அறுபத்தொரு வயது. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. இரண்டு பிள்ளைகளையும் தனியாக வளர்த்து, படிப்பித்து, கலியாணமும் செய்து கொடுத்தவர். புருஷனை விவாகரத்துச் செய்து கால் நூற்றாண்டுக்கு மேல். அந்த மனிதரும் நாலு வருடத்துக்கு முன் ஹம்பேர்க்கில் இறந்துபோனார். இப்போது அக்கா, மனைவியை இழந்த ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்ய முடிவெடுத்திருந்தார். பிள்ளைகளுக்கு முழு மனதில்லை. மூத்தவன் இரண்டு கிழமையாகத் தொலைபேசி எடுக்கவில்லையாம். பதிவுக் கந்தோரில் கலியாணத்துக்கு நாளும் நேரமும் குறித்துத் தெர்மின் கிடைத்துவிட்டது, ஆறு கிழமை இருக்கிறது, விவாகரத்துப் பத்திரம் மட்டும் இல்லை.

நீதிமன்றத்திலிருந்து எதுவும் தபாலில் வரக்கூடாது என்பது அவருடைய முதல் நிபந்தனை. அவர் மாடிக் குடியிருப்பில் மூன்று தமிழ்க் குடும்பம். நீதிமன்றம் அனுப்பும் மஞ்சள் உறையைப் பார்த்தால் பின்னேரத்துக்குள் ஹம் முழுக்கக் கதை போய்விடும். எல்லாம் என் முகவரிக்கே வரட்டும் என்றேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்து எழும்பும்போது சொன்னார்: “கெதியா எடுத்துத் தாங்கோ தம்பி. இந்தத் தெர்மின் போச்செண்டால் எனக்கு இன்னொருக்கா இந்தத் துணிவு வராது.”

வாயால் சொல்லாத பெயர்

நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் எழுதும்போது புருஷனின் பெயரைக் கேட்டேன். “பிள்ளையளின்ர தேப்பன்” என்றார். பெயர் வேண்டுமே அக்கா என்றேன். பேனையை வாங்கி, ஒரு துண்டில் ‘தேவராசா’ என்று எழுதி என் பக்கம் தள்ளினார். பிரிந்து இத்தனை வருடம் ஆகியும், ஆள் செத்தும் போன பிறகும், புருஷன் பெயரை வாயால் சொல்லாத மனுசி. எனக்கு அது பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, கஷ்டமாகவும் இருந்தது. அந்தப் பெயரையே போட்டு அனுப்பினேன்.

மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது: அப்படி ஒரு வழக்கு இங்கே இல்லை. அப்போதுதான் என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். எங்களில் மனைவியின் பெயருக்குப் பின்னால் வருவது புருஷனின் பெயர். ஆனால் அகதி முகாமில் ஜெர்மன்காரன் புருஷனுடைய தகப்பனின் பெயரைக் குடும்பப் பெயராக்கி இரண்டு பேருக்கும் ஒட்டிவிட்டிருப்பான். கோப்பு அந்தப் பெயரில்தான் கிடக்கும். இதை நூறு பேருக்கு விளக்கியவன் நான். நூற்றியோராவது ஆளுக்கு நானே மறந்துபோய், ஆறு கிழமையில் பாதியைக் கரைத்துவிட்டேன். வெட்கத்தோடு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து மாமனாரின் பெயரைக் கேட்டேன். அக்கா மெதுவாகச் சொன்னார்: “புருஷன்ர பேரே சொல்லாதனான், மாமான்ர பேரை எப்பிடித் தம்பி சொல்லுறது? போனை வைச்சிட்டு இருங்கோ, எழுதி அனுப்புறன்.”

நிலவறையிலிருந்து வந்த கோப்பு

பெயர் சரியாகப் போனதும் கோப்பு கிடைத்தது. தெர்மினுக்கு ஒன்பது நாள் இருந்தது. தபாலை நம்பாமல், அவர் விவாகரத்து எடுத்த சின்னப் பட்டணத்துக்கே நேரே போனோம். அக்கா ஒரு நாள் லீவு எடுத்து, கறுப்புக் கோட் போட்டு, பிரசவ அறைக்குப் போகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டு ரயிலில் இருந்தார். நீதிமன்றத்தில் ஐந்து நிமிட வேலை. பிரதி, கம்பி, முத்திரை. அக்கா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புறப்பட எழும்பிவிட்டார்.

அப்படியே போயிருக்கலாம். அங்கிருந்த பதிவறைப் பெண்மணி, வழக்காளி விரும்பினால் முழுக் கோப்பையும் இருந்து பார்க்கலாம் என்றார். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். நான்தான் என் வித்துவத்தைக் காட்ட ஆசைப்பட்டு, “இவ்வளவு தூரம் வந்திட்டம், ஒருக்காப் பாருங்கோ அக்கா, நான் வாசிச்சுச் சொல்லுறன்” என்றேன். பெண்மணி கோப்பை எங்கள் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: “நல்ல காலத்தில் வந்தீர்கள். இன்னும் சில வருடத்தில் தீர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் நறுக்கிவிடுவோம்.”

மூன்று தாளும் ஒரு வரியும்

தாள்களைப் புரட்டி ஜெர்மனைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவில், புருஷன் நீதிமன்றத்துக்குத் தமிழில் எழுதிய கடிதத்தின் மொழிபெயர்ப்பு. அடியில் என் முத்திரை, என் கையெழுத்து. எனக்கு அந்த வழக்கே ஞாபகத்தில் இல்லை. அக்காவும் அறியார், நீதிமன்றம் அதைத் தபாலில் எனக்கு அனுப்பியிருக்கும், மொழிபெயர்த்தது யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்? மொழிபெயர்ப்பு மொத்தம் ஒரே வரி: ‘எதிர்த்தரப்பு விவாகரத்துக்குச் சம்மதிக்கிறார்.’ அதன் பின்னால் மூலக் கடிதம். நீலப் பேனையில், இரண்டு பக்கமும் எழுதி, மூன்று தாள்.

அந்தக் காலத்தில் அது எனக்கு வழக்கம். சம்மதமா இல்லையா என்பதுதான் நீதிபதிக்கு வேண்டும், எங்கள் ஆட்கள் சுற்றி வளைத்து எழுதும் மிச்சமெல்லாம் எதற்கு என்று நினைப்பேன். சாரத்தைப் பிழிந்து கொடுக்கிறேன் என்று பெருமை வேறு. நீதிபதிகளும் சந்தோஷப்பட்டார்கள், நானும் அடுத்த கடதாசியை எடுத்தேன். அந்த ஒரு வரியைத்தான் அக்காவின் வக்கீலும் அவருக்கு அனுப்பியிருக்கிறார். இப்போது என் கை தன்பாட்டில் கடிதத்தை மூடியது. நான் நல்லவனாக இருந்திருந்தால் மூடியிருக்கமாட்டேன். அக்கா என் விரலை மெல்ல விலக்கினார். கையெழுத்தை அவருக்குத் தெரியாதா?

நானும் பக்கத்திலிருந்து வாசித்தேன். குடியை விட்டு இரண்டு மாதம் என்று எழுதியிருந்தார். பட்டணத்தில் ஒரு வீடு பார்த்திருப்பதாகவும், அடுப்படிக்குப் பெரிய ஜன்னல் இருப்பதாகவும் எழுதியிருந்தார். அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார்; எந்த நாள், எதற்காக என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டிருந்தார். சின்னவள் பள்ளிக்கூடம் தொடங்கும் வரை பொறுத்துப் பார்க்க முடியுமா என்று அவவிடம் ஒரு தரம் கேட்டுச் சொல்லுங்கள், முடியாது என்றால் காட்டுகிற இடத்தில் கையெழுத்து வைக்கிறேன் என்று முடித்திருந்தார். நான் மொழிபெயர்த்தது அந்தக் கடைசித் துண்டை மட்டும்தான், அதுவும் பாதியை.

அக்கா முதலிலிருந்து இன்னொரு தரம் வாசித்தார். பதிவறைப் பெண்மணி ஒரு தண்ணீர்க் குவளையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். “அக்கா, அது நான்தான். என்ர பிழை” என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நல்லது என்றும் இருந்தது. அவர் கடிதத்தை மடிப்புக் குலையாமல் கோப்பில் வைத்தார். கைப்பைக்குள் தீர்ப்பு இருக்கிறதா என்று திறந்து பார்த்தார். ஒன்பதாம் நாள் அவருடைய கலியாணம் குறித்தபடி நடந்தது, மூத்தவனும் வந்தானாம். ஆனால் அன்று அந்த மேசையில் அவர் என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: “நீங்கள் முழுக்க எழுதியிருந்தாலும் நான் ஏலாது எண்டுதான் சொல்லியிருப்பன் தம்பி. ஆனா அதை நான் எல்லோ சொல்லியிருக்கவேணும்.”

இப்போதெல்லாம் கடிதத்தின் ஓரத்தில் இருக்கும் தேத்தண்ணிக் கறையைக்கூட விடாமல் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன், ‘இவ்வளவும் எதற்கு?’ என்று நீதிபதிகள்தான் சலித்துக்கொள்கிறார்கள்.