நீங்கள் மீதம் வைத்த நாச்சோஸ்

கண்ணுங்களா, போன வருஷம் அம்மாவுக்குச் சென்னையில் ஆபரேஷன் நடந்த அன்றைக்கு நாம் மூன்று பேரும் ஓட்டலுக்குப் போனோமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வாயால் சொல்ல இரண்டு தடவை பார்த்தேன், வரவில்லை.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் மாமா தன் அக்காவுக்குத் துணையாகப் போனார், அப்பா நான் உங்களோடு திருத்தணியிலேயே நின்றுவிட்டேன். விடியற்காலையில் படியேறிப் போய் முருகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று போன் வரும் வரைக்கும், தண்ணீர் தவிர எதுவும் என் பல்லில் படாது. இறங்கி வந்து அதை உங்களிடமும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

பதினோரு மணிக்குள் முடிந்துவிடும் என்றிருந்தார்கள். பன்னிரண்டும் ஆயிற்று. நான் போன் அடித்தும் மாமா எடுக்கவில்லை. நான் கிண்டிய உப்புமாவை நீங்கள் தொடவில்லை. எனக்கும் அந்த வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. உங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, திருப்பதி ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த மாடி ஓட்டலுக்குப் போனேன்.

உள்ளே நம்மைத் தவிர ஒருவரும் இல்லை. ஏசி உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தால் மலை. மேகம் இறங்கிக் கோயிலே தெரியவில்லை. நான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, போனை மேசை நடுவில் வைத்தேன்.

பெரியவள் நாச்சோஸ் கேட்டாள். போன் வீடியோவில் சீஸ் நூல் நூலாக இழுபடுவதைப் பார்த்து ஆசைப்பட்டிருந்தாள். வந்த தட்டில் சோளமாவு முக்கோணங்கள் ஊறித் தொங்கின. மேலே ஊற்றிய சீஸ் ஆறிப்போய் மஞ்சள் மெழுகு மாதிரி தோல் கட்டியிருந்தது. நான்கு தக்காளித் துண்டு, அவ்வளவுதான்.

"மழையில நனஞ்ச அப்பளம் மாதிரி கீது," என்றான் சின்னவன்.

"சூடு பண்ணித் தரட்டுமாங்க?" என்று கேட்டார் பரிமாறிய பெண்.

"ஆங், சூடு பண்ணா மட்டும் மொறுமொறுன்னு ஆயிடுமா?" என்று முணுமுணுத்தாள் பெரியவள். ஆளுக்கு இரண்டு கடித்துவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டீர்கள்.

நீங்கள் பிறந்ததிலிருந்து உங்கள் தட்டில் மீந்தது என் வயிற்றுக்குத்தான். இட்லி ஓரம், தயிர்சாதத்து அடி, கடித்துப் போட்ட பிஸ்கட். யோசித்தெல்லாம் செய்வதில்லை, கை தானாகப் போகும். அன்றைக்கு என் கண் போன் மேல் இருந்தது. கை தட்டுக்குப் போய்விட்டது.

"நைனா! இன்னா பண்ற நீ? துப்பு!"

பெரியவள் கத்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது. வாயில் இருந்ததைத் துப்பினேன். இரண்டு துண்டு முன்னாலேயே உள்ளே போயிருந்தது.

சின்னவன் மலையைப் பார்த்தான். "மேகம் மறைச்சிக்கினு கீதே. முருகரு பாத்திருக்க மாட்டாரு, இல்ல நைனா?"

நான் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மாமாதான். காதில் வைத்தும் குரல் வெளியே கேட்டது. "பாவா, ரத்தம் நெறைய போயிடுச்சாம். ரெண்டு பாட்டில் கேட்டாங்க. ஆளப் புடிச்சி இப்பதான் குடுத்துட்டு வரேன். இன்னும் உள்ளதான் வச்சிக்கினு கீறாங்க."

பெரியவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் பயம் குறைந்திருக்கும்.

சாயங்காலம் நாலு மணிக்கு அம்மா பிழைத்து வெளியே வந்தாள். அதன் பிறகு அந்தத் தட்டைப் பற்றி நாம் யாரும் பேசவில்லை.

ஆனால் பெரியவளே, அன்றிலிருந்து உன் தட்டில் எதுவும் மீந்ததில்லை. கறிவேப்பிலையைக்கூட மென்று விழுங்குகிறாய். தம்பி எழுந்தால், "முழுசா துன்னுட்டுப் போடா" என்று சட்டையைப் பிடித்து இழுக்கிறாய். பிள்ளை திருந்திவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன், மடையன். போன வாரம் காய்ச்சலில் ஒரு சொட்டு விடாமல் கஞ்சியைக் குடித்துவிட்டு, பின்பக்கம் போய் சத்தமில்லாமல் வாந்தி எடுத்தாயே, அப்போதுதான் புரிந்தது.

முந்தாநாள் மாமாவிடம் கேட்டேன், எத்தனை மணிக்கு ரத்தம் கேட்டார்கள் என்று. ஒரு வருஷமாக அதைக் கேட்க எனக்குப் பயம். பதினொன்றரைக்கு என்றார். அப்போது நாம் வீட்டையே பூட்டவில்லை. தட்டு வருவதற்கு முன்னால் நடந்தது அது. நீ நாச்சோஸை மீதம் வைத்ததாலும் இல்லை, நான் அதைத் தின்றதாலும் இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை அம்மாவை மறுபடியும் உள்ளே கொண்டுபோகிறார்கள். கட்டி திரும்ப வந்திருக்கிறது. எத்தனை மணி நேரம் ஆகும் என்று இந்தத் தடவை டாக்டர் சொல்லவில்லை. நான் கேட்டேன், அவர் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். மலைக்குப் போவேன், கும்பிடுவேன். ஆனால் எந்த வார்த்தையும் கொடுக்கப் போவதில்லை.

அன்றைக்கும் நான்தான் சமைப்பேன், உப்புமாதான். பிடிக்கவில்லை என்றால் தட்டிலேயே வைத்துவிடு. பயப்படாதே. நான் சாப்பிடுவேன்.