மோட்டார் என்று அவளே சொன்னாள்

சுடர்விழி ஊரை ஏமாற்றினாள் என்று இன்னொரு தரம் சொல்லாதே காத்தாயி. பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு நீயே இப்படிப் பேசலாமா? ஏமாற்றுகிறவள் யாராவது டீக்கடைக்கே போய், நான் சொன்னது தப்பு என்று தானாகச் சொல்வாளா?

அவள் என் மகன் கோவிந்தராசு பெற்ற பெண். எங்கள் ஊர் கடைமடை, மன்னார்குடிக்குத் தெற்கே. ஆற்றில் தண்ணீர் விட்டால் எங்களுக்குத்தான் கடைசி. வாய்க்காலில் வந்துவிட்டதா பார் என்று பிள்ளைகளை அனுப்புவோம். மற்றதெல்லாம் பாதி வழியில் திரும்பி வந்து, வந்துடுச்சு என்று கத்தும். இவள் மட்டும் கையை நனைத்துக்கொண்டு வந்து காட்டுவாள். அப்படிப்பட்ட பிறவி.

மன்னார்குடியில் காலேஜ் படித்தாள், பிறகு திருச்சியில். படித்து வந்தவள் மாடியில் தகரத்தை வளைத்துப் பெரிய புனல் மாதிரி ஒன்று செய்து வைத்தாள். அந்த நட்சத்திரங்களுக்குப் பக்கத்திலும் நம்மைப் போல யாராவது இருந்து ரேடியோ போட்டால், அதற்குக் காது கொடுக்கிற சாமான் அது என்றாள். ஓசி டிவி பார்க்கிறாள் என்று நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள்.

ஒரு நாள் அவள் கம்ப்யூட்டரில் கோடு ஒன்று குத்துக்கல் மாதிரி எழும்பியது. மறுநாளும் காலையில் அதே நேரத்துக்கு. அவள் இன்னும் பார்க்கணும்பா, யாரிடமும் சொல்லாதீங்க என்றுதான் சொன்னாள். கேட்டானா கோவிந்தராசு? மேல் உலகத்திலிருந்து ரேடியோ வந்துவிட்டது என்று டீக்கடையில் சொல்லிவிட்டான். வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்தால் நெல்லும் பூவும் தூவுவோமே, அதே மாதிரி தகரப் புனலுக்கும் தூவினான். ஊரே மாடியேறிப் பார்த்தது.

அந்த வாரம் முடிந்து, வயல் மோட்டாருக்கு விடுகிற த்ரீ பேஸ் கரண்ட் முறை மாறியது. காலையில் விட்டதை மத்தியானத்துக்கு மாற்றினார்கள். கோடும் மத்தியானத்துக்கு மாறிக்கொண்டது. அவளுக்குப் பொறி தட்டிவிட்டது. நேரே கொல்லைக்குப் போனாள். கரண்ட் வந்ததும் செல்போனுக்குச் சொல்லுமே, அந்த மோட்டார் பெட்டி, கோவிந்தராசு புதிதாக வாங்கி மாட்டியது, அதைக் கழற்றி வைத்தாள். கோடு நின்றுவிட்டது.

அது எங்கள் மோட்டார் பெட்டிதான் என்று அன்றைக்கே டீக்கடைக்குப் போய்ச் சொன்னாள். இப்ராஹிம் டீக்கடையில் இவனைப் பார்த்து, மேல ஒலகத்துக்காரன் மோட்டார் போட்டானா மாமா என்று ஒருத்தன் கேட்டான். இவன் கிளாசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான். மூடி மறைச்சிருந்தா யாருக்குத் தெரியும் என்று அவளிடம் கேட்டான். அதோடு அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றது. வடக்கே பெரிய பெரிய ஆன்டெனா இருக்கிற இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தபோதும், போகக் கூடாது என்று என் மூலமாகத்தான் சொல்லி அனுப்பினான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெற்றவன் நீயே அவளிடம் சொல் என்றேன்.

கிளம்புகிற அன்று அவள் பெட்டியை வாசலில் வைத்தாள். அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"ராக்கெட்டுல போயி நேரா பாத்துட்டு வரக் கூடாதா?"

"பக்கத்து நட்சத்திரத்துக்கே இப்ப இருக்குற ராக்கெட்டுல பல்லாயிரம் வருசம் ஆகும்பா. போக முடியாது. கேக்கத்தான் முடியும்."

"ஒன் காலத்துல கேக்குமா?"

"தெரியலப்பா. கேக்காமயே போகலாம்."

"அங்கயும் மோட்டாருதான்னு ஆயிட்டா?"

"மோட்டாருன்னு சொல்லிருவேன்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நம்ம தோளில் ஏறி ஊர்வலம் பார்த்த பிள்ளை என்று நினைத்தானோ என்னவோ, எனக்குத் தெரியாது. போயிட்டு வா என்று அவன் சொல்லவில்லை. வரேம்பா என்று அவள்தான் சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். பெட்டிக்குக் கையை நீட்டினாள். அதற்குள் இவன் அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டான்.