மஞ்சளுக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே பச்சை

கார் விற்கிறவனுக்கு இன்ஜின் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாங்க வருகிறவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டத் தெரிந்தால் போதும். கடையில் நின்று பிழைக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ரப்பர் விலை விழுந்துகிடந்த முப்பதுகளின் தொடக்கத்தில், கோலாலம்பூர் மோட்டார் கம்பெனி ஒன்றில் ஆர்டர் எழுதும் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து நான் தலையாட்டிய கதை இது.

துரையின் பச்சை

கிள்ளான் பக்கத்து எஸ்டேட் துரை ஒருவர் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். இரண்டே சீட். கரும்பச்சை நிறம், கம்பிச் சக்கரம், பானெட்டுக்குக் குறுக்கே தோல் வார், முன்னால் சட்டி அளவுக்கு விளக்கு என்று ஒவ்வொன்றாக யோசித்து என்னை இரண்டு பக்கம் எழுத வைத்தார். கார் சீமையிலிருந்து கப்பலில் வந்து சேர்வதற்குள் அவர் வேலை போய்விட்டது.

ஒரு நாள் வந்து காரில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இறங்கும்போது, தோட்டத்தில் கற்றுக்கொண்ட அதிகாரத் தமிழில் சொன்னார்: "மெதுவா ஓட்டுற ஆளுக்கு விக்காதே."

தவுக்கேயின் சிவப்பு

மாதக் கடைசிக்குள் அந்தக் கார் போகாவிட்டால் பெயிண்ட் கொட்டகையை மூடிவிடுவதாக மானேஜர் சொன்னார். மூடினால் பெயிண்டர் ஆறுமுகம் அடுத்த கப்பலில் ஊர் திரும்ப வேண்டியதுதான். அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எனக்கு அடுத்த வீடு. அவள் முகத்தில் விழிக்காமல் நான் வேலைக்குப் போக முடியாது.

அப்போதுதான் எனக்கு அந்த அதிபுத்தி தோன்றியது. கேட்ட நிறத்தை முதலிலேயே அடித்து வைத்துவிட்டால் ஆள் வாங்காமல் எங்கே போவார்? ரவாங்கில் ஈயச் சுரங்கம் வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே ஒருவர், சிவப்புதான் தனக்கு ராசி என்றார். உடனே அடிக்கச் சொன்னேன். மத்தியானம் அடித்து முடித்ததும் வழக்கமான மழை வந்தது. ஈரக்காற்று பட்டு, சிவப்பெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. இந்த ஊரில் பெயிண்டைக் காலையில்தான் அடிக்க வேண்டும் என்பது ஆறுமுகத்துக்குத் தெரியும், அவசரப்படுத்தியவன் நான். அவன் அதைத் தேய்த்தெடுத்து மறுநாள் காலை மறுபடி அடித்தான்.

தவுக்கே வந்து ஆசையாகத் தடவிப் பார்த்து ஏறினார். வயிறு ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டது. சீட்டைப் பின்னால் தள்ளினோம். கால் பிரேக்கை எட்டவில்லை. கார் நல்ல கார்தான், தன் வயிறுதான் சரியில்லை என்று மலாயில் சொல்லி, ஆறுமுகத்தின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்: "மோட்டோகார் பாகுஸ், பெருத் தாக் பாகுஸ் லா."

கிள்ளான் அக்காவின் மஞ்சள்

அடுத்து கிள்ளான் லோரி கண்ட்ராக்டர் வேலாயுதம். காரைப் பார்த்த மாத்திரத்தில் மனுஷர் சின்னப் பிள்ளையாகிவிட்டார். ஆனால் நிறம் மஞ்சளாக இருக்க வேண்டும், வீட்டில் அதுதான் மங்களம் என்பார்கள் என்றார். அத்துடன், வீட்டுக்காரி கொண்டையில் வைக்கும் பூ நசுங்காமல் இருக்க, கான்வாஸ் கூரையை இரண்டு அங்குலம் உயர்த்தச் சொன்னார். உயர்த்தினோம். மஞ்சளும் அடித்தோம், இந்தத் தடவை காலையிலேயே.

வீட்டுக்கார அக்கா வந்து பார்த்தார். மஞ்சள் பிடித்திருந்தது. பூவும் இடிக்கவில்லை. எனக்குப் பாதி உயிர் வந்தது. இறங்கியவர் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சீட்டை எண்ணிப் பார்த்தார். பிறகு புருஷனை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்: "நான் அஞ்சு புள்ளைங்களோட வீட்டுல கெடக்கையில, அந்த ரெண்டாவது சீட்டுல குந்திக்கிட்டுப் போறது யாருன்னு கிள்ளான் பூரா கேக்கும் அண்ணே."

டாக்டரின் சந்தேகம்

மாதம் முடிய இரண்டே நாள். ஆறுமுகத்தின் மனைவி பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். அன்று யாழ்ப்பாணத்து இளம் டாக்டர் ஒருவர் வந்தார். ஹாரனைக் கேட்கவில்லை, விளக்கைக் கேட்கவில்லை. கதவைத் திறந்து, கீலோரம் பெயிண்ட் பெயர்ந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். மஞ்சளுக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே பச்சை.

"இது எங்கையோ மோதின காரோ?" என்றார்.

புத்தம் புதுக் காரை அடிபட்ட கார் ஆக்கியிருந்தது என் அதிபுத்தி. நான் ஒரு நல்ல பொய்யாகத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆறுமுகம் கையைத் துடைத்தபடி முன்னால் வந்தான். துரை, தவுக்கே, மழை, அக்கா என்று ஒன்றுவிடாமல் சொன்னான். கொட்டகை மூடப்போவதை மட்டும் சொல்லவில்லை. அதை நான் சொன்னேன்.

சிரிக்கத் தொடங்கிய டாக்டர் அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். "செலாயாங்கிலை ஒரு பிள்ளைப்பேறு எண்டு ஆள் வந்தால் நான் பறக்கவேணும். ரெண்டு சீட் எனக்குத் தாராளமாக் காணும்" என்றார். துரை கேட்டபடி வேகமாக ஓட்டுகிறவர்தான் என்று நினைத்துக்கொண்டேன். நிறம் என்ன போடட்டும் என்று பேனாவை எடுத்தேன். அவர் ஆறுமுகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வாங்காத ஆக்களுக்கு மூண்டு தரம் அடிச்ச மனுசன், வாங்கிற எனக்கு ஒருக்கா பச்சை அடிச்சுத் தரமாட்டாரோ?"

நிறம் கேட்பதற்கு முன்னால் வயிற்றையும் வீட்டுக்காரியையும் விசாரித்திருந்தால் எனக்கு எவ்வளவோ பெயிண்ட் மிச்சமாகியிருக்கும், ஆனால் டாக்டர் சுரண்டிப் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது, கொட்டகையும் மூடியிருக்கும், ஆறுமுகத்தின் மகள் பிரிக்பீல்ட்ஸில் பிறந்திருக்கமாட்டாள்.