என் பெயருக்கு எழுதின சீட்டு

எனக்குத் தலைவலி வந்ததே கிடையாது. சளி, காய்ச்சல், இடுப்புவலி என்று எத்தனையோ கொடுத்த முருகன், அதை மட்டும் இந்த வயதுவரை எனக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் பத்து வயதில் தலைவலிக்கென்று என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், என் பெயரில் சீட்டு எழுதி, மூன்று மாதம் வைத்தியம் பார்த்தார்கள். அந்த வைத்தியத்தில் எங்கள் குடும்பம் பிழைத்தது என்று சொன்னால் கூடுதல் இல்லை.

நோயாளி நான் இல்லை. என் தம்பி. அப்போது அவனுக்கு ஏழு வயது. இப்போது அதற்கு ஆட்டிசம் என்று ஒரு பேர் சொல்கிறார்கள். அன்றைக்கு எங்கள் ஊரான கோம்பையில் வீட்டுக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள், எதுவும் இங்கே எழுதுகிற மாதிரி இல்லை. தம்பி யாரிடமும் பேசமாட்டான். பேசினால் பஸ் கண்டக்டர் கூப்பிடுவது மாதிரி ஊர்ப் பெயராகச் சொல்லுவான். சோறு வேண்டுமென்றாலும் அதுதான், கோபமென்றாலும் அதுதான். குக்கர் விசிலடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடுவான். கோயில் விசேஷத்துக்கு மைக்செட் போட்டுவிட்டால் தலையைச் சுவரில் முட்டுவான். ரத்தம் வரும். வீட்டிலுள்ளவர்கள் ஓடிப்போய் அமுக்கிப் பிடிப்பார்கள். பிடிக்கப் பிடிக்க அவன் இன்னும் முட்டுவான். அவன் முட்ட முட்ட இவர்கள் இன்னும் இறுக்குவார்கள்.

எங்கள் வீட்டில் எதுவானாலும் பெரியப்பா சொல்வதுதான். அப்பா லோடு வண்டியோடு கேரளா போய்விட்டு வாரத்தில் பாதி நாள்தான் வீட்டில் இருப்பார். பெரியப்பாவைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தம்பிக்கென்று தினமும் வாழைப்பழம் வாங்கிவருவார், அதுவும் அவன் தின்கிற ஒரே ரகமாகத் தேடி. அந்தப் பாசத்தில்தான் ஒரு வேண்டுதல் வைத்தார். தெற்கே ஒரு கோயிலில் இப்படிப்பட்டவர்களை நாற்பத்தெட்டு நாள் சங்கிலி போட்டு வைத்திருந்தால் சரியாகும் என்று யாரோ சொல்ல, மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்துவிட்டார். வெள்ளிக்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு. சங்கிலியைக்கூட அவரே வாங்கி, பிள்ளை காலில் கடித்துவிடக் கூடாதே என்று பழைய வேட்டியைக் கிழித்துக் கண்ணிக்குக் கண்ணி சுற்றி வைத்திருந்தார். திண்டுக்கு உறை தைப்பதுபோல அவ்வளவு பொறுமையாகச் சுற்றினார். பக்கத்தில் உட்கார்ந்து துணி எடுத்துக் கொடுத்தது நான்தான்.

அம்மா ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. புதன்கிழமை சாயங்காலம் என்னைக் காட்டி, இவளுக்குத் தலைவலி என்று சொன்னாள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டர் வருவதாகப் பள்ளிக்கூடத்து டீச்சர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் சாமிக்கு முடிந்து வைத்துவிட்டு நடுவில் டாக்டரிடம் போனால் சாமியை நம்பாத மாதிரி ஆகும் என்பது பெரியப்பாவின் கணக்கு. அதனால் நோய் எனக்கு மாறியது.

"பொம்பளப்பிள்ள. கண்ணாடி கிண்ணாடி போட்டுவிட்டாகன்னா நாளைக்கு மாப்பிள்ளை பாக்கையில கஷ்டம். நல்ல டாக்டரா பாரு" என்று பெரியப்பா ரொம்பக் கவலைப்பட்டார். தம்பியை வைத்துச் சமாளிக்க வீட்டில் ஆள் இல்லை என்று அவனையும் அம்மா கூட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் தம்பிக்குக் கொண்டாட்டம். உத்தமபாளையம் வருவதற்கு முன்னாலேயே உத்தமபாளையம் என்றான். சின்னமனூர் வருமுன்னே சின்னமனூர். கண்டக்டர் பின்னால் வந்து, "ஏலே, இந்தா பையப் புடி. நான் செத்த ஒறங்குறேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது. அம்மா மட்டும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்திருந்தாள். மறுநாள் இதே நேரம் அவன் எங்கே போய்க்கொண்டிருப்பான் என்பது அவளுக்குத் தெரியும்.

சீட்டு எழுதும் இடத்தில் என் பெயரைச் சொன்னாள். சீட்டைப் பெரியப்பா பார்ப்பாரே! அங்கேதான் ஒரு தப்பு நடந்தது. அம்மா மூன்றாவதுக்கு மேல் படிக்காதவள். ஒருத்தர் பெயரில் சீட்டு வாங்கிக்கொண்டு இன்னொருத்தருக்கு வைத்தியம் கேட்டால் சர்க்காரை ஏமாற்றிய கேஸாகிவிடும், போலீஸைக் கூப்பிடுவார்கள் என்று வரிசையில் நிற்கும்போதே அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது. கதவைத் தாண்டி உள்ளே போவதற்குள் வேர்த்துக் கொட்டியது.

உள்ளே ஒரு டாக்டரம்மா. சின்ன வயசுதான். எங்கள் பக்கத்துப் பேச்சு இல்லை. தலைக்கு மேலே ஒரு ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. தம்பி காதைப் பொத்தி முனகிக்கொண்டே நேரே அவருடைய மேசைக்கடியில் போய்விட்டான். அம்மா பதறிப்போய்க் குனிந்து அவனை இழுக்கப் போனாள். டாக்டரம்மா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, எழுந்து ஃபேனை நிறுத்தினார். பிறகு தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிப்போட்டு, மேசைக்கடி முழுவதையும் அவனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டுச் சீட்டைப் பார்த்தார்.

"யாருக்கு உடம்பு சரியில்லை?"

"இவளுக்குத்தாங்க" என்று அம்மா என்னை முன்னால் தள்ளினாள். "தலைவலி. அப்பறம் சத்தம் கேட்டா காதப் பொத்திக்கிருவா. யார்கூடயும் பேசமாட்டா. செவத்துல தலைய முட்டுவா."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "நான் எப்பம்மா முட்டுனேன்? நான் பேசமாட்டேனா? டீச்சர் என்னையப் பேசாதனுல்ல அடிக்கிறாக!"

அம்மா என் முதுகில் கிள்ளினாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், மேசைக்கடியில் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "சரி. இவளுக்கே பார்த்துடலாம்" என்றார். "நீங்க உட்காருங்கம்மா. ஒண்ணும் அவசரமில்லை."

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் பிள்ளைகுட்டிகள் நன்றாயிருக்க வேண்டும். வெளியே வரிசை வாசல்வரை நிற்கிறது. ஆனால் அவசரமில்லை என்று சொன்னார்.

என்னை ஸ்டூலில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். சத்தம் வந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். நான் கீழே பார்த்தேன். அவனைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? "காதுக்குள்ள கட்டெறும்பு போறாப்ல இருக்கும்" என்றேன். பயம் வந்தால் நான் என்ன சொல்வேன் என்றார். "கம்பம் கம்பம் கம்பம்னு சொல்லுவேன். பசிச்சா தேவாரம்பேன்." ரொம்ப சந்தோசம் வந்தால்? "போடி. அதும் ஊருதான்." சொல்லச் சொல்ல எனக்கே அது பிடித்துப்போனது. அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "ஆக, நீ பேசத்தான் செய்யிற. கேக்குறவங்களுக்குத்தான் பாஷை தெரியலை" என்றார். மேசைக்கடியில் சத்தம் நின்றிருந்தது. தம்பி கேட்டுக்கொண்டிருந்தான்.

"தலையை முட்டும்போது வீட்டுல என்ன பண்ணுவாங்க?"

"புடிப்பாக."

"யாரு யாரு?"

"பெரியப்பா கையி. அப்பா இருந்தா தோளு. நான் காலு."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "நீயா? காலைப் பிடிப்பியா?"

"ஆமா. மொதல்ல எத்திருவான். பல்லு ஒண்ணு ஆடிப்போச்சு. இப்பல்லாம் மேல ஏறி உக்காந்துருவேன், அசைய முடியாது" என்று பெருமையாகச் சொன்னேன். நோயாளியும் நானே, அமுக்குகிறவளும் நானே என்று ஆகிவிட்டதை நான் கவனிக்கவில்லை. அந்த வேகத்திலேயே, "நாளைக்குச் சங்கிலி போடப்போறாக. வேட்டி சுத்தியிருக்காக, வலிக்காது" என்றும் சொல்லிவிட்டேன்.

அம்மா அழுதாள். சத்தமில்லாமல் அழ அவளுக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு முடியவில்லை. "தப்பான சீட்டுங்கம்மா, போலீஸ்ல குடுத்துராதீக" என்று கும்பிட்டாள்.

டாக்டரம்மா அவள் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிள்ளையை இப்படியா பண்ணுவீர்கள், படிக்காத ஜனமே என்று ஒரு வார்த்தை வரவில்லை. வேண்டுதலைப் பற்றியும் குறைவாகப் பேசவில்லை. "சாமிக்கும் உங்களுக்கும் உள்ளதுல நான் வரலைம்மா. பயந்து போயிருக்கிற பிள்ளையை இன்னும் பயமுறுத்தாம இருக்கணும், அதுதான் என் வேலை" என்றார். பிறகு என் சீட்டை எடுத்து, இங்கிலீஷில் எழுதாமல் தமிழில், பெரிய பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்துச் சீல் வைத்தார்.

வீட்டில் பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரம் வாசிப்பதுபோல நின்றுகொண்டே வாசித்தார். இந்தப் பிள்ளை பக்கத்தில் பெரிய சத்தம் கூடாது. தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். ஒளிந்துகொண்டால் இழுக்காமல், தானாக வரும்வரை விட வேண்டும். அழும்போது பிடித்து அமுக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குத் தம்பியை விட்டு ஒரு நாளும் பிரிக்கக் கூடாது. வியாழக்கிழமை தோறும் இரண்டு பேரையும் கூட்டிவர வேண்டும். கடைசியாக ஒரு வரி: எந்தக் காரணத்துக்கும் இன்னொருவர் கையையோ காலையோ பிடிக்கும்படி இந்தப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது.

"தலைவலிக்கு இம்புட்டா?" என்றார் பெரியப்பா. "மாத்திரை ஒண்ணும் தரலையா?"

"இதுதான் மாத்திரையாம் மாமா" என்றாள் அம்மா.

பெரியப்பா இன்னொரு தடவை வாசித்தார். தம்பியை விட்டுப் பிரிக்கக் கூடாது என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சர்க்கார் சீல் வைத்த காகிதத்தை அவர் மீறினதே கிடையாது. சாமிக்குச் சொன்ன வாக்கையும் மீறினதில்லை. மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, "வேண்டுனது நானு. பிள்ள கேட்டுச்சா? நானே போயி இருந்துட்டு வாரேன்" என்றார். மறுநாள் பஸ் ஏறி, நாற்பத்தெட்டு நாளும் அந்தக் கோயில் மண்டபத்தில் கிடந்து, ஒருவேளைச் சோறு தின்று, தாடியோடு திரும்பி வந்தார். தலைவலிக்காரிக்கு மருந்தே ஏன் வாங்கவில்லை என்று பிறகு ஒருநாளும் அவர் கேட்டதில்லை.

அவர் இல்லாத அந்த நாட்களில் வீட்டில் சீட்டின் ராஜ்ஜியம். எனக்காக டி.வி. சத்தம் குறைந்தது. எனக்காகக் குக்கர் பரணுக்குப் போய்ப் பானை இறங்கியது. பெரியப்பா மகன் தினமும் என் முன்னால் வந்து, "மகாராணியத் தொடப்போறேன், உத்தரவு உண்டா?" என்று கும்பிடுவான். கும்பிட்டுவிட்டுத் தலையில் கொட்டுவான். ஆனால் அவனும், ஒரு பழக்கத்தில், தம்பியிடமும் சொல்லிவிட்டே தொட ஆரம்பித்தான். இழுக்க ஆளில்லை என்றதும் தம்பி கட்டிலுக்கடியில் இருக்கிற நேரம் குறைந்தது. அவன் கம்பம் என்றால் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எல்லாச் சத்தத்தையும் நிறுத்துவாள். ஒருநாள் தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைத் தானே எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, "போடி போடி போடி" என்றான். அம்மா பூஜையறைக்குள் போய்விட்டாள். வெளியே வர வெகுநேரம் ஆனது.

வியாழன்தோறும் போனோம். டாக்டரம்மா மேசைக்கடியில் ஒரு பாயே விரித்துவைத்திருந்தார். என்னோடும் தனியாகக் கொஞ்ச நேரம் பேசுவார், படம் வரையச் சொல்வார். சீட்டில் என் பெயர் இருப்பதால் சும்மா ஒப்புக்குச் செய்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் கடைசி வரிமேல் மட்டும் எனக்குத் தீராத வருத்தம். நன்றாகச் செய்துவந்த ஒரு வேலையைப் பறித்துவிட்டாரே! "நான் காலு மட்டும் புடிச்சுக்கிறேனே" என்று கேட்டும் பார்த்தேன். "வேண்டாம் பாப்பா. அது உன் வேலையே இல்லை" என்றார். மற்ற வரியெல்லாம் தம்பிக்குப் பொருந்துகிறது, இது பொருந்தவில்லை. பாவம், ஆள் மாற்றி எழுதிவிட்டார் என்று மன்னித்துவிட்டேன்.

தம்பி இன்றைக்கு ஒரு நாற்றுப் பண்ணையில் தட்டில் விதை போடுகிறான். முதலாளி அவனுக்காக ரேடியோ வைப்பதில்லை. சங்கிலித் தழும்பில்லாத உடம்பாக இருக்கிறான். இதைவிட நான் என்ன கேட்டுவிடப் போகிறேன்? நான் கும்பிடுகிற தெய்வம் வியாழக்கிழமை வியாழக்கிழமை அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தது என்றுதான் நம்புகிறேன்.

என் மூத்த பெண்ணுக்கு ஒன்றரை வயதில் தடுப்பூசி போடக் கொண்டுபோயிருந்தேன். நர்சம்மா ஊசியை எடுத்துக்கொண்டு, "காலை நல்லா அமுக்கிப் புடிங்கம்மா" என்றார். எல்லாத் தாயும் செய்வதுதான். என் கை எழவில்லை. பிள்ளை வீறிட்டதும் அவளை வீட்டுக்காரர் மடியில் போட்டுவிட்டு வெளியே ஓடி, வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் உள்ளங்கையில் தம்பியின் கால் துடித்தது. அத்தனை வருசம் கழித்து, அதே சூட்டோடு. அவன் என்னைப் பார்த்துக்கொண்டே "கம்பம் கம்பம்" என்று கத்தினதும், நான் இறங்காமல் உட்கார்ந்திருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன்.

சீட்டின் அந்தக் கடைசி வரியை டாக்டரம்மா ஆள் மாற்றி எழுதவில்லை. நோயாளியை வெளியே சொல்ல முடியாமல் அம்மா பொய்யாக என் பெயரைக் கொடுத்தாள் என்றுதான் அம்மாவும் நானும் நினைத்திருந்தோம். அவருக்கு அது பொய்யாகப் படவில்லை.