பென்சில் ஒடிந்த இடத்தில் ஒரு வாக்கியம்

டான் புருதென்சியோ அரிசாகாவின் சிலைக்கு அடியில் செதுக்கப்போகும் வாக்கியத்தை டான் புருதென்சியோ சொல்லவேயில்லை என்று ஸ்பெயின் தலைநகர் மத்ரீதின் காப்பிக் கடைகளில் ஒரு பேச்சு கிளம்பியது. வேறு யாரோ சொன்னது என்றார்கள் சிலர். யாருமே சொல்லவில்லை என்றார்கள் அவர்களைவிட விவரமானவர்கள். சரி, விசாரித்துவிடலாம் என்று இறங்கினால், எந்தத் தெருவழியாகப் போனாலும் கடைசியில் ஒரே கதவில்தான் போய் முட்ட வேண்டியிருக்கிறது. நாடாளுமன்றச் சுருக்கெழுத்து அறையின் கதவு அது.

உள்ளே தலைமைச் சுருக்கெழுத்தர் லெயாந்த்ரோ பலசுவேலோஸ் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதுகூடச் சரியில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். மேஜைமேல் சிலைக் குழுவின் கடிதம் கிடந்தது. ஊரில் கிளம்பிய சந்தேகம் தீரும்படி, மேற்படி வாக்கியத்துக்கு அவர் கைப்படச் சான்று தர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். கல்தச்சர் உளியோடு காத்திருக்கிறார்.

'பத்திரிகைகளின் வாயை அடைக்கும் சட்டத்தில் என் கையெழுத்து விழாது. அதற்குமுன் நான் வீட்டுக்குப் போய்விடுவேன்.' இதுதான் அந்த வாக்கியம். ஸ்பெயினில் லிபரல் என்று சொல்லிக்கொள்ளும் எவனும் இதைத் தூக்கத்தில்கூட ஒப்பிப்பான். இதை எழுதியவர் லெயாந்த்ரோ. யாராவது பேசினார்களா என்பதுதான் அவருக்கே தெரியாது.

நடந்தது இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால். பத்திரிகைத் தணிக்கைச் சட்டம் சபைக்கு வந்திருந்தது. அப்போது மந்திரியாக இருந்த டான் புருதென்சியோ ஒரு மணி நேரம் பேசினார். சட்டத்தை ஆதரிக்கிறாரா எதிர்க்கிறாரா என்று பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூடப் பிடிபடவில்லை. அந்தக் கலையால்தான் அவர் மந்திரியாகவே ஆகியிருந்தார். சபையில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து எழுதுவது வழக்கம். ஒருவர் விட்டால் இன்னொருவர் பிடித்துக்கொள்வார். அன்று லெயாந்த்ரோவின் ஜோடி கசிமீரோ, டான் புருதென்சியோ பேச்சில் விட்டுப்போக என்ன இருக்கிறது என்று சுருட்டுப் பிடிக்க வெளியே போயிருந்தான். அந்த நேரம் பார்த்து லெயாந்த்ரோவின் பென்சில் முனை ஒடிந்தது. குனிந்து வேறு பென்சில் எடுத்து நிமிர்ந்தார். சபையில் இடி மாதிரிக் கைதட்டல்.

என்னவோ சொல்லியிருக்கிறார். அது குறிப்பேட்டில் இல்லை.

கைதட்டல் இருந்து வாக்கியம் இல்லையென்றால் வேலை போய்விடும். லெயாந்த்ரோ அந்தக் கைதட்டலுக்கு ஏற்ற வாக்கியம் ஒன்றை எழுதினார். எப்படியும் பேசினவரே அச்சுக்கு முன் படித்துத் திருத்துவது முறை. அவர் அடித்துவிடுவார் என்று தைரியம். தாள்களைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினார். டான் புருதென்சியோ இவர் பென்சிலையே வாங்கி இரண்டு இடத்தில் எதையோ திருத்தினார். அந்த வாக்கியத்துக்கு வந்ததும் பென்சில் நின்றது. பிறகு அதைத் தொடாமலே தாளைத் திருப்பிக் கொடுத்தார். பென்சில் அவருடைய கோட்டுப் பைக்குள் போய்விட்டது.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்த வாக்கியம். மூன்றாம் நாள் பிரதமர் கூப்பிட்டு, 'கையெழுத்தா, வீடா?' என்று கேட்டார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, டான் புருதென்சியோ வீட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஆறு வருடம் பதவியில்லை. அதன்பின் லிபரல் கட்சி ஆளும் முறை வந்தபோது கொள்கைக்காகப் பதவியை உதறியவர் என்று அவரைத்தான் தலைவராக்கினார்கள். அந்தச் சட்டத்தை அவரே ஒழித்தார். ஆட்சி மாறும்போதெல்லாம் அலுவலகங்களில் பாதிப் பேர் தெருவுக்கு வருவார்கள். பரீட்சை எழுதி வேலைக்கு வந்த லெயாந்த்ரோ மட்டும் அசையவில்லை. ஆனால் அலமாரியில் ஒரு குறிப்பேடு இருந்தது. அதில் ஒரு பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம் இருந்தது. யாராவது அலமாரிப் பக்கம் நடந்தால் அவர் முந்திக்கொண்டு போய் அதன் முன்னால் நின்றுகொள்வார்.

இப்போது பொய்ச்சான்று கொடுத்தால், குறிப்பேட்டை யாராவது திறக்கும் நாளில் ஜெயில். உண்மையைச் சொன்னால் முப்பத்தொரு வருட வேலையும் பேரும் அன்றைக்கே போச்சு. வியாழக்கிழமை மத்தியானம் தொப்பியை மாட்டிக்கொண்டு டான் புருதென்சியோ வீட்டு மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

கிழவர் வெந்நீர்த் தொட்டியில் கால்களை வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். மனைவி டோன்யா ரெமேதியோஸ் பக்கத்தில் துண்டோடு நின்றாள்.

"வாய்யா லெயாந்த்ரோ. சான்று விஷயமாத்தானே வந்தே? இருபத்திரண்டு வருஷமா உன்னைக் கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு நான் என்னதான்யா சொன்னேன்?"

"தெரியாதுங்க ஐயா. பென்சில் ஒடிஞ்சுபோச்சு. நிமிர்ந்தா கைதட்டுறாங்க. ஐயாவுக்கு ஞாபகம் இருக்கும்னு நினைச்சேன்."

"எனக்கா? தண்ணி கேட்ட மாதிரி ஞாபகம்."

"தண்ணி கேட்டதுக்கா தட்டினாங்க?" என்றாள் டோன்யா ரெமேதியோஸ். "பேச்சை முடிச்சிட்டீங்கன்னு நினைச்சுத் தட்டியிருப்பாங்க. நானா இருந்தாலும் தட்டியிருப்பேன்."

"பார்த்தியா, கல்யாணமாகி நாப்பது வருஷம்."

லெயாந்த்ரோவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அன்னிக்கே அடிச்சிருக்கலாமேங்க. பென்சில் உங்க கையிலதானே இருந்துச்சு?"

"அடிக்கத்தான் போனேன். இவ பின்னால நின்னு படிச்சிட்டா. 'அப்பாடா, வாயைத் திறந்து ஒண்ணு சொல்லிட்டீங்களே'ன்னா. அப்புறம் எப்படி அடிக்கிறது?" கிழவர் தொட்டியில் காலை உதைத்ததில் தண்ணீர் தரையில் சிந்தியது. "அதுக்காக மந்திரி பதவி போச்சு. ஆறு வருஷம் ஒருத்தன் வணக்கம் வைக்கல. என் மச்சானைத் தபால் ஆபீஸ்லேருந்து துரத்தினாங்க. இவ்வளவும் பட்டது நானா, நீயா?"

"நீங்கதாங்க."

"அப்ப வாக்கியம் யாரோடது?"

லெயாந்த்ரோ கேள்வியைப் புரட்டிக்கொண்டே படியிறங்கினார். இரண்டாவது மாடியில் சட்டென்று நின்றார். பேசினாரா என்று எதற்குச் சொல்ல வேண்டும்? அன்று இரண்டு இடத்தில் திருத்தினார், இந்த இடத்தில் திருத்தவில்லை. அதை இவரும் டோன்யா ரெமேதியோஸும் பார்த்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் சான்று போனது: 'மேற்படி வாக்கியம், பேசிய கனவான் தம் கையால் பார்வையிட்டுத் திருத்தி ஒப்பிய தாளில் உள்ளபடியே அச்சேறியுள்ளது.' ஒவ்வொரு சொல்லும் உண்மை. குழுவினர் படித்துத் திருப்தியடைந்தார்கள். அந்தக் குழுவில் எல்லோருமே பழைய மந்திரிகள், அப்படிப்பட்ட வாக்கியத்தில் ஓட்டை தேடும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. கல்தச்சர் உளியை எடுத்தார்.

திறப்பு விழாவில் வாக்கியத்தை உரக்கப் படித்தபோது இடி மாதிரிக் கைதட்டல். லெயாந்த்ரோவின் கை தன்னாலே குறிப்பேட்டைத் தேடியது. கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடைவரை போனார்.

"ஐயா, அந்தப் பென்சில்..."

"எந்தப் பென்சில்?"

"அன்னிக்குத் திருத்த வாங்கினீங்களே. எங்க ஆபீஸ்ல பழைய துண்டைக் கொடுத்தாத்தான் புதுசு தருவாங்க. அந்த ஒண்ணு மட்டும் இன்னும் என் பேர்ல நிக்குது. அடுத்த மாசம் எனக்கு ஓய்வு."

டான் புருதென்சியோ கோட்டுப் பைகளைத் தட்டிப் பார்த்தார். "வேற கோட்டுல இருக்கும்யா. நாளைக்குக் கொடுத்தனுப்புறேன்."

லெயாந்த்ரோ ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. பென்சில் வரவில்லை.