பிரித்துப் பார்த்த பத்திரிகை

"...மவ நிக்காஹுக்கு லீவு கெடைக்காம அவிய அங்கனயே கெடந்தாவ. நாளைக்கு வந்து எறங்குனதும் மொதல்ல இந்த வீடியோவைத்தான் கேப்பாவ. நீங்க என்னமோ கம்ப்யூட்டருக்குச் சீக்குங்கீயளே அண்ணாச்சி."

போன குற்றால சீசனில், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், தென்காசியில் எங்கள் கல்யாண வீடியோக் கடையில் நின்று அச்சன்புதூர் அக்கா ஒருவர் இப்படிக் கேட்டார். அவர் கணவருக்கு வளைகுடாவில் வேலை. சொந்த மகளின் கல்யாணத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை.

கடையை நானும் என் மனைவியும்தான் நடத்துகிறோம். அன்று கடை திறந்ததும் ஒரு மெயில் வந்திருந்தது. எங்கள் இல்லத் திருமணம், பத்திரிகை இணைத்துள்ளோம், தேதி காலியா என்று பார்த்துச் சொல்லவும் என்று. அனுப்பியவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் எங்கள் பக்கம் பத்திரிகையைப் பிரிக்காமல் வைத்தால் அது கொடுத்தவர் முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி. மனைவி பிரித்தாள். பத்திரிகையைக் காணோம். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வீடியோக்களின் பெயரெல்லாம் மாறிப்போய், ஒன்றுகூடத் திறக்கவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல்: பணம் கட்டினால் பூட்டைத் திறப்போம். ரேன்சம்வேர் என்று செய்தியில் படித்தது எங்கள் மேசைக்கே வந்துவிட்டது. கேமரா கார்டுகளையோ அடுத்த கல்யாணத்துக்காக ஏற்கெனவே அழித்தாயிற்று.

இன்டர்நெட் வயரை உடனே பிடுங்கினேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "கேட்டதைக் குடுத்துத் தொலையும்வே" என்றார்.

"குடுத்தா சாவி தருவான்னு நீரு ஜாமீன் நிப்பீரா?" என்றேன். அவர் தன் கடைக்குப் போய்விட்டார்.

அடுத்துத்தான் அந்த அக்கா வந்து நின்றார். எனக்குத் தைரியம் இருந்தது. எந்தக் கல்யாணமானாலும் இன்னொரு பிரதி ஒரு தனி டிஸ்க்கில் ஏறும். காப்பி எடுத்ததும் அதைக் கழற்றி, சாப்பாட்டுப் பையில் போட்டு, குத்துக்கல்வலசையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது மனைவியின் வழக்கம். ஆனால் அருவியில் குளிக்க வந்த உறவினர்களால் வீடு நிரம்பி, வழக்கமெல்லாம் தடுமாறியிருந்த வாரம் அது. இந்த நிக்காஹ் டிஸ்க்கில் ஏறியதா என்று மனைவியிடம் கேட்டேன். "ஏத்துன ஞாபகம். சத்தியம் பண்ணச் சொல்லாதீய" என்றாள். அக்கா முகம் வாடிவிட்டது.

பைக்கில் போய் டிஸ்க்கை எடுத்து வந்தேன். அவசரத்தில் அதே கம்ப்யூட்டரில் செருகப் போனவனின் மணிக்கட்டை மனைவி பிடித்துக்கொண்டாள்.

"காய்ச்சக்காரன் பக்கத்துல பச்சப்புள்ளையைக் கெடத்துவியளா?"

மறுபடி நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். அருவிக்குக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துத் துண்டோடு எழுந்து நின்ற உறவினர்களைத் தாண்டி, மகளின் லேப்டாப்பைத் தூக்கி வந்தேன். அதில் டிஸ்க்கைச் செருகினோம். மருதாணிக் கையால் முகத்தை மறைத்துச் சிரித்தபடி மணப்பெண் வந்தாள். "எம் புள்ள" என்று அக்கா திரையைத் தொட்டார்.

பிறகு கம்ப்யூட்டரை முழுக்க அழித்துச் சுத்தமாக்கி, எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினோம். மிரட்டியவனுக்குக் காலணா போகவில்லை. இப்போதெல்லாம் முகம் தெரியாத பத்திரிகை வந்தால், போன் போட்டு எந்த வீட்டுக் கல்யாணம் என்று விசாரிக்காமல் நாங்கள் பிரிப்பதில்லை. திருடன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், வயரில் மாட்டாமல் வேறொரு வீட்டில் இருக்கும் பெட்டிக்குள் அவன் கை நீளாது என்ற நிம்மதியில்தான் இன்றும் தூங்குகிறேன்.

அன்று நிக்காஹ் வீடியோவை ஏற்றிக் கொடுத்த பென்டிரைவை வாங்கிய பிறகும் அக்கா கிளம்பவில்லை. அந்த டிஸ்க்கில் வேறு என்னவெல்லாம் ஏற்றலாம் என்று என் மனைவியிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தன் போனை எடுத்து, கணவர் வளைகுடாவிலிருந்து வருஷக்கணக்காகப் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.